பல்லிடையே ஒரு பச்சரிசி

வைகாசி 5, திங்கள்

பல் ஆஸ்பத்திரி டாக்டர் ஷமீனா சொன்னதால் எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். படிக்க முடியாவிட்டால் அது அந்தப் பெண்ணின் பாடு.

இது பேத்தி விட்டுப்போன அறிவியல் நோட்டு. முதல் பக்கத்தில் டாக்டர் தன் கையால் மூன்று கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இடம் விட்டிருக்கிறாள்.

என்ன மாதிரி இருக்கிறது? இடது கடைவாயில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஓர் அரிசி இருக்கிறது. வேகாத அரிசி. கடித்தால் இரண்டு வரிசையும் சேர்வதில்லை. துப்பினால் வராது. விரலை விட்டுத் துழாவினால் கிடைக்காது. வலி கிடையாது. வலி என்றால் தாங்கிக்கொள்வேன்.

எந்த நேரத்தில் அதிகம்? பொழுதுக்கும்.

எந்தத் தேதியில் ஆரம்பித்தது? ஞாபகம் இல்லை. காங்கயத்துப் பல் டாக்டர் அந்தப் பல்லுக்குக் கேப் போட்டது தை 22, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. என் வாயில் கையை வைத்துக்கொண்டே போனில் யாரிடமோ கார் டயரைப் பற்றிப் பேசினான். அதற்குப் பிறகு என்றைக்கோ ஒருநாள். முதல் பக்கத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஒன்றரை மாதமாகக் களியும் கரைத்த சோறும்தான். ஏழு கிலோ இறங்கிவிட்டேன்.

வைகாசி 6, செவ்வாய்

கொத்தமல்லி விதை காயப்போட்டேன். வெயில் சுமார்தான்.

மருமகள் வசந்தாமணி என் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்கத்தை, அந்த அரக்குச் சீல ரண்டு மாசமாச் சுருட்டியே கெடக்குது. மெசின்ல போட்டுரட்டுங்களா?"

"வேண்டாம். அதுல கை வெக்காத."

"வாட அடிக்குதுங்க."

"என்ற சீல, என்ற பொட்டி. உனக்கென்ன வாட?"

மூக்கைச் சுளித்துக்கொண்டு போனாள். இவள் கல்யாணத்தன்று இவளுடைய தாய் என் பட்டைத் தொட்டுப் பார்த்து, "இதுதான் மாப்ள ஊட்டுப் பட்டா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆவணி 9. நான் மறக்கவில்லை.

வைகாசி 8, வியாழன்

காலையில் இட்லி தின்று பார்த்தேன். இட்லிக்குள்ளும் அரிசி கடிபட்டது.

டாக்டர் என் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னாள். பல்லால் என்ன செய்தீர்கள், நகம் கடிப்பீர்களா, நூல் கடிப்பீர்களா என்று கேட்டாள். எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதிலிருந்து கிழக்கு மில் களத்தில் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்ப்பது பல்தான். ஒரு நெல்லை எடுத்துத் தோலை உரித்து, அரிசியைக் கடைவாயில் வைத்துக் கடிக்க வேண்டும். பதம் வந்திருந்தால் டக்கென்று உடையும். பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். ஈரம் இருந்தால் சத்தம் வராது. நசுங்கி வளையும். கொஞ்சம் முந்தினால் குவியலில் சூடேறிக் கெட்டுப் போகும். கொஞ்சம் பிந்தினால் நொய்யாகும். களத்தில் முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்தோம். கடித்துப் பதம் சொல்ல மேஸ்திரி அனுமதித்தது இரண்டு பேரைத்தான். ஒன்று நான். இன்னொன்று பாவாத்தாள்.

பாவாத்தாள் என் தங்கை. இரண்டு வயது இளையவள். மில்லில் நடந்த ஒரு சின்னச் சமாசாரத்துக்காக என்னோடு பேச்சை நிறுத்தினாள். நாற்பத்தாறு வருஷம். தன் மகள் கலாமணி வயசுக்கு வந்த திரட்டிக்கு என்னை அழைக்கவில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாளாம். களத்தில் எங்களோடு வேலை செய்த மாரக்காள் பார்த்துச் சொன்னாள். பேசாமல் இருந்தது அவள்தான், நான் இல்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பங்குனியில் செத்துப் போனாள். என் மகன் சின்னராசு லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வைகாசி 12, திங்கள்

இன்று பல் ஆஸ்பத்திரி. நீலத் தாளை இரண்டு வரிசைக்கும் நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னாள். பல்லில் நீலப் புள்ளி விழுந்தது. எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே புள்ளி தடித்து விழுமாம். கண்ணாடியில் காட்டினாள். இடது வலது இரண்டும் ஒரே மாதிரி. பிறகு முடியைவிட மெல்லிய தகடு ஒன்றை எடுத்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, வைத்தும் வைக்காமலும் சோதித்தாள். பதினொரு தடவை. வைத்தபோதெல்லாம் சரியாகச் சொன்னேன்.

"பாட்டிம்மா, இவ்வளவு மெல்லிசு சாதாரணமா யாருக்கும் தெரியாது" என்றாள்.

அப்புறம் மெசினை ஓட்டினாள். உய்யென்று சத்தம். ஐந்து நிமிடம்.

"கொஞ்சம் தேச்சுவிட்டிருக்கேன். இப்ப எப்படி இருக்கு?"

"நீ மெசின ஓட்டுனயே தவிரப் பல்லுல வெக்கலயே."

அவள் கையிலிருந்த கண்ணாடி நின்றுபோயிற்று.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தூள் வரல. பல்லத் தேச்சா எலும்பு கருகுற வாட வரும். தை மாசம் வந்துது."

"மன்னிச்சுக்கங்க. சில பேருக்குச் சத்தம் கேட்டாலே சரியாயிரும். அப்பக் கோளாறு பல்லுல இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்."

"பொய்க்காரியான்னு சோதிச்சயாக்கும்?"

"ஐயோ, இல்லைங்க பாட்டிம்மா. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

நல்லவள்தான். ஆனாலும் வைகாசி 12 என்பது என் கணக்கில் இருக்கும்.

வைகாசி 13, செவ்வாய்

காலையில் அரிசி வலது பக்கத்துக்குப் போயிருந்தது. பொழுது சாய இடது பக்கத்துக்கே வந்துவிட்டது.

வைகாசி 16, வெள்ளி

வாயில் மக்கிய நெல்லின் வாடை. வீட்டில் எங்கோ அரிசி கெட்டுக் கிடக்கிறது என்று வசந்தாமணியை எல்லா டப்பாவையும் கவிழ்க்கச் சொன்னேன். அரிசி மூட்டையை முற்றத்தில் கொட்டிக் கிளறினேன். நல்ல புழுங்கலரிசி. ஒரு வண்டு கூட இல்லை. முகர்ந்தால் வாடை இல்லை. வாயை மூடினால் வாடை இருக்கிறது.

அது எனக்குத் தெரிந்த வாடைதான். புளிப்பும் சூடும் கலந்தது. குவியலைப் பிரித்தவுடன் கண்ணில் நீர் வரவைப்பது.

சின்னராசு வந்து முற்றத்தைப் பார்த்தான்.

"அம்மா, நீ இப்பிடியே பண்ணிட்டிருந்தீன்னா கோயமுத்தூருக்குத்தான் கூட்டிட்டுப் போகோணும். பல்லு டாக்டருகிட்ட இல்ல."

"பின்ன எந்த டாக்டரு?"

தலைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனான். பெற்ற மகன்.

வைகாசி 19, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

"ஒரு ஊசி போடறேன் பாட்டிம்மா. பல்லப் புடுங்கறதுக்கு இல்ல, சோதனைக்குத்தான். இந்தப் பக்கம் மேலயும் கீழயும் மரத்துப்போகும். கோளாறு பல்லுலயோ ஈறுலயோ இருந்தா, அந்த அரிசியும் சேர்ந்து மரத்துப் போயிரணும்."

போட்டாள். கால் மணி நேரத்தில் உதடு யாருடையதோ மாதிரி ஆனது. கன்னம் செருப்புத்தோல் மாதிரி. ஊசி முனையால் ஈறில் குத்தினாள். குத்தியதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"கடிங்க."

கடித்தேன். பல் பல்லைத் தொட்டதா என்று தெரியவில்லை. நாக்கு எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் வாயே இல்லை.

இல்லாத வாயில் அரிசி மட்டும் இருந்தது.

முன்பெல்லாம் பல்லும் ஈறும் சேர்ந்து தெரியும். இப்போது சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல், இருட்டு அறையில் ஒரு பொருள் இருப்பதுபோல இருந்தது. அதன் இரண்டு நுனியும், நடுவிலிருந்த வரியும் தெரிந்தன.

"இருக்கா?"

பேச முடியவில்லை. எச்சில் வழிந்தது. விரலை உயர்த்தினேன். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தாளும் பேனாவும் கொடுத்தாள். 'பச்சரிசி' என்று எழுதினேன்.

"முன்னால அரிசின்னு மட்டும்தானே சொன்னீங்க. பச்சரிசின்னு எப்படித் தெரியுது?"

'புழுங்கல் வழுக்கும். பச்சரிசி சொரசொரக்கும்.'

"மில்லுல நீங்க கடிச்சது எல்லாம் புழுங்கல்தானேங்க? அப்பப் பச்சரிசி எப்ப வாயில போட்டீங்க?"

வாய் மரத்திருந்தது. எழுதுவதற்கும் ஒன்றுமில்லை.

வைகாசி 21, புதன்

வசந்தாமணி மத்தியானம் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கத்தை. நீங்க நாற்காலில கண்ணசந்தப்பப் புடிச்சனுங்க. தெனமும் இப்பிடித்தான் பண்றீங்க. நாஞ்சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான்."

போனில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் வலது கை மடியிலிருந்து எதையோ ஒன்றைப் பொறுக்கியது. மடியில் எதுவும் இல்லை. இரண்டு விரலால் உரித்தது. வாய்க்குக் கொண்டுபோனது. கடைவாய் ஒரு தடவை அழுந்தியது. பிறகு தலை இடமும் வலமும் அசைந்தது. இல்லை. திரும்பக் கை மடிக்குப் போனது. பொறுக்கியது, உரித்தது, கடித்தது. இல்லை. மறுபடியும். இல்லை.

"எதுக்குங்கத்தை வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டறீங்க?"

"ஃபேன் காத்துல தல ஆடிருக்கும்."

"அப்பக் கரண்டு இல்லீங்க."

அதை அழித்துவிடு என்றேன். அழித்ததாகச் சொன்னாள்.

தூக்கத்தில் எதற்கு இல்லை என்கிறேன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

வைகாசி 23, வெள்ளி

கேப் போட்ட டாக்டரிடம் தனியாகப் போனேன். பல்லில் கோளாறு இல்லை என்று அவனும் சொன்னான். இரண்டு பல்லையும் பிடுங்கிவிடு என்றேன். கையெழுத்துப் போட்டால் பிடுங்குவதாகச் சொன்னான். அடுத்த வெள்ளி, காலை பத்து மணி.

இன்று மோரில் கரைத்த கம்மங்கூழ், அரை டம்ளர்.

வைகாசி 26, திங்கள்

டாக்டர் ஷமீனாவிடம் பிடுங்கப் போவதைச் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. இந்த நோட்டை வாங்கி முழுவதும் வாசித்தாள். சில இடங்களில் இரண்டு தடவை.

"பாட்டிம்மா, நல்ல பல்லு ரெண்டு போகும். அரிசி அடுத்த பல்லுக்குப் போகும். அதையும் புடுங்கினா அதுக்கடுத்தது. கடைசில ஒரு பல்லும் இருக்காது, அப்பவும் ஈறுல அரிசி இருக்கும். இப்படி எல்லாப் பல்லையும் எடுத்துட்டு வந்தவங்கள நான் பார்த்திருக்கேன்."

"பின்ன எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்கறயா?"

"இல்ல. உங்க தாடை எதையோ தேடுது. என்னன்னு எனக்குத் தெரியாது." நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "மருமக அம்மா பட்டைப் பத்திப் பேசினதுக்குத் தேதி இருக்கு. கேப் போட்டதுக்கு நேரம்கூட இருக்கு. இது ஆரம்பிச்ச நாளு மட்டும் எப்படிங்க மறந்துச்சு? கேப் போட்டு நாலு மாசம் ஆகப்போகுது. சாப்பிடாம இருக்கறது ஒன்றரை மாசமா, எழுதியிருக்கீங்க. நடுவுல ரெண்டு மாசம் நல்லாத்தானே சாப்பிட்டீங்க?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது பின்னால் குரல் கேட்டது. "எனக்குச் சொல்ல வேண்டாம். எழுதினாப் போதும்."

வைகாசி 30, வெள்ளி

காலை எட்டு மணிக்குக் குளித்தேன். பல் பிடுங்கத்தான் கிளம்பினேன். பெட்டியைத் திறந்து அரக்குச் சேலையைப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியாது. பஸ் ஸ்டாண்டில் முத்தூர் பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.

பாவாத்தாளின் வீட்டுக் கதவைக் கலாமணி திறந்தாள். அவள் தாய்க்கு இருந்த அதே அகலமான தாடை.

"வாங்க பெரிம்மா."

"உள்ள வரலாமா சாமி?"

"அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்தீங்கல்லங்க. மிச்சத்துக்கும் வாங்க."

"பாத்தயா?"

"பாத்தனுங்க. பந்தக்காலோரமா நின்னீங்க. வாய்க்கரிசி போடறவிய வரிசைல வந்தீங்க. கைல அரிசி எடுத்தீங்க. அம்மா மொகத்துக்குக் குனிஞ்சீங்க. அப்பறம் ஆளக் காணோம். அத்தன வருசக் கோவம், செத்த வாய்க்குக் கூட அரிசி போட மனசு வரலையாக்கும்னு நெனச்சுட்டனுங்க."

எழுதுகிறேன். டாக்டர் எழுதினால் போதும் என்றாள்.

மனசு வராமல் இல்லை. போடத்தான் போனேன். அவள் செத்த அன்றைக்கு வீட்டில் ரேசன் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். கைப்பிடிப் பச்சரிசி எடுத்தேன். அவள் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். இருந்தும் வாய் லேசாகத் திறந்திருந்தது. "போடு தெய்வா" என்று பின்னால் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குனிந்தேன். கை உயர்ந்தது. உயர்ந்த கை அவள் வாய்க்குப் போகவில்லை. இந்தக் கைக்குத் தானியம் என்றால் ஒரு வழிதான் தெரியும். பத்தொன்பது வயதிலிருந்து பழகியது. ஓர் அரிசி என் கடைவாய்க்குப் போனது. கடித்தேன். டக்.

அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவள் வாய்க்குப் போக வேண்டிய அரிசியை, அவள் முகத்துக்கு நேராக நின்று நான் தின்றேன். அவள் முகம் என்ன பதம் என்று காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. களத்தில் எதிரே உட்கார்ந்து அப்படித்தான் கேட்பாள். மீதி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு சந்து வழியாக வந்துவிட்டேன். குளிக்கவில்லை. சேலையைத் துவைக்கவில்லை.

பையிலிருந்து சேலையை எடுத்து முந்தானை முடிச்சைக் கலாமணியிடம் காட்டினேன். அவிழ்த்தாள். உள்ளங்கையில் அரிசி கிடந்தது.

"இதப் போட இனி வாயில்லீங்களே பெரிம்மா" என்றாள்.

அரிசியை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா வாய மூடவே முடியலீங்க. கட்ட அவுத்து மூணு தடவ கட்டுனோம். ஓர் அரிசி கனம் தெறந்தேதான் இருந்துச்சு. அப்பிடியேதான் எடுத்துட்டுப் போனாங்க."

அதைக் கேட்டதும் என் வாயில் மக்கல் வாடை பொங்கிக்கொண்டு வந்தது.

"கலாமணி, மில்லுல நடந்தத உங்கம்மா சொல்லியிருக்கறாளா?"

"சொல்லியிருக்கறா. தீவாளிக்கு மொத நாளு ஈர நெல்லப் பதம்னு சொல்லிப்போட்டாளாம். ரண்டு நாள் குவியல்ல கெடந்து நூறு மூட்ட கெட்டுப் போச்சாம். மொதலாளி எல்லாத்து முன்னாலயும் அந்த அழுகல் நெல்ல வாயில திணிச்சு மெல்லச் சொன்னானாம். 'என்ற பல்லு பொய் சொல்லிப்போட்டுது கண்ணு'ம்பா. அதுக்கப்பறம் அவ எதுக்குமே பதம் பாக்க மாட்டா. கொழம்புக்கு உப்புக் கூட என்னயத்தான் பாக்கச் சொல்லுவா."

நான் வரிசையாகச் சொன்னேன். அன்று அவள் கடிக்கவே இல்லை. கடித்தவள் நான். அரிசி உடையவில்லை, வளைந்தது. மழை கூடிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போகச் சைக்கிளோடு மில் கேட்டில் நின்றார். எனக்கு வளையல் வாங்க வேண்டும். "பதம் வந்துருச்சு" என்றேன். கெட்டுப்போன பிறகு முதலாளி, "எவடி பதம் சொன்னது?" என்று கேட்டான். நான் பாவாத்தாளைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறந்தாள். அவன் திணித்தான்.

கலாமணி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அன்னைக்குக் களத்துல எத்தன பேருங்க?"

"முப்பத்தெட்டு."

"பேரெல்லாம் ஞாபகம் இருக்குமே உங்களுக்கு."

"இருக்குது."

"எத்தன பேரு உசுரோட இருக்கறாங்க?"

யோசிக்கத் தேவையில்லை. "என்னயத் தவிர மூணு."

"எங்கம்மா அத்தன பேரு முன்னால வாயத் தெறந்தா. நீங்க எங்கிட்ட மட்டும் கதவச் சாத்திக்கிட்டுச் சொன்னாப் போதுங்களா?"

அரிசியை ஒரு டம்ளரில் போட்டுத் தாயின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் வரவில்லை. ஆனால் கதவை நான் தெரு திரும்பும் வரை சாத்தவில்லை.

ஆனி 2, திங்கள்

மாரக்காளிடம் சொன்னேன். அவளுக்குக் காது கேட்காது. இரண்டு தடவை கத்திச் சொன்னேன். அவளுக்குப் புரிவதற்குள் தெருவுக்கே புரிந்துவிட்டது. "அட நாசமாப் போனவளே" என்றாள். பிறகு காப்பி கொடுத்தாள்.

சின்னராசு சாயங்காலம் கேள்விப்பட்டு வந்தான். கோயமுத்தூரைப் பற்றிப் பேசவில்லை.

ஆனி 4, புதன்

களத்தில் நெல் கிளறிய சரசாத்தாள் இப்போது படுத்த படுக்கை. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டாளா என்று தெரியவில்லை. அரிசி இருக்கிறது. வாடை இல்லை.

ஆனி 6, வெள்ளி

மேஸ்திரி கருப்பணனுக்குத் தொண்ணூற்றொன்று. வெள்ளகோயிலில் மகள் வீட்டில் இருக்கிறார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியுமே ஆத்தா."

"என்னது?"

"நீ கடிச்சப்பப் பக்கத்துலதான நின்னேன். டக்குன்னு கேக்கலையே."

கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு மட்டுமில்ல. சுத்தி நின்ன அத்தன பேருக்கும்தான் கேக்கல."

"பின்ன ஏனுங்க ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா நெல்ல மறுக்காப் பரப்போணும். எல்லாத்துக்கும் ஊட்டுக்குப் போகோணும். விடிஞ்சாத் தீவாளி." இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "பாவாத்தாளுக்கும்தான் கேக்கல. உனக்கு எதிருல உக்காந்திருந்தவ அவதான்."

பஸ்ஸில் வரும்போது நாற்பத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், எத்தனை கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முகமாக வந்தது. எல்லா முகமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனி 7, சனி

கொத்தமல்லியைத் திரித்து டப்பாவில் போட்டேன். மத்தியானம் நாற்காலியில் கண்ணசந்தேன். விழித்தபோது வசந்தாமணி எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கும் பண்ணுனீங்கத்தை. மடில பொறுக்குனீங்க. உரிச்சீங்க. வாய்க்கிட்ட கொண்டு போனீங்க. ஆனாக் கடிக்கலீங்க."

"பின்ன?"

"கைய முன்னால நீட்டுனீங்க. எதிருல ஆள் உக்காந்திருந்தா அவிய வாய்க்கு நேரா இருக்கும், அந்த ஒசரத்துக்கு. ரொம்ப நேரம் கை அப்பிடியே நின்னுச்சு. நான் கூப்புடக்கூட இல்லீங்க, பயமாப் போச்சு. அப்பறம் வெரலு தெறந்துச்சு."

அவள் தன் கையை விரித்தாள்.

"நாம பச்சரிசி வாங்குனது பொங்கலோட சரி. ஊட்டுல ஒரு மணி கெடையாது. இது உங்க காலடியில கெடந்துச்சுங்க."

நடுவில் பல் பட்ட தடத்தோடு ஒரு பச்சரிசி. சேலை மடிப்பிலிருந்து விழுந்திருக்கும் என்றேன். அரக்குச் சேலையை முத்தூரிலேயே உதறிவிட்டு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

"ஈரமா இருக்குதுங்கத்தை" என்றாள்.

வாயை மூடினேன். பல் பல்லைத் தொட்டது.

ஆனி 9, திங்கள்

அரக்குச் சேலையைத் துவைக்கச் சொன்னேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் சோறு.

டாக்டர் ஷமீனா நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். போன மாசத்துப் புள்ளியும் இன்றைய புள்ளியும் ஒன்றேதான், முடியளவுகூட மாறவில்லை என்றாள். அரிசியைப் பற்றிக் கேட்டாள். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, அவள் பேனாவையே வாங்கி, காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தேன்.

எந்தத் தேதியில் ஆரம்பித்தது?

ஐப்பசி, தீபாவளிக்கு முதல் நாள், பிற்பகல் நாலு மணி. கிழக்கு மில் களம். அரிசி உடையவில்லை.